பழைய வீட்டு ஃபிலிம் சுருள்: எந்தக் கோப்பாக மாற்றுவது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் 8 மி.மீ. ஃபிலிம் சுருள்களைக் கணினிக் கோப்பாக மாற்றுவது குறித்து ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி வடசென்னையிலிருந்து வந்தவை. துறைமுகமும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், பர்மா பஜாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பகுதி என்பதால், வெளிநாட்டுக் கேமரா ஒன்று வீட்டுக்குள் வந்து சேர அங்கே வாய்ப்பு அதிகம் இருந்தது. அதே பகுதியின் உப்புக்காற்றும் ஈரப்பதமும் அந்தக் கேமராக்கள் எடுத்த சுருள்களை மெல்ல அரித்துக்கொண்டும் இருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தகப்பனார் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1974-இல் அவர் வாங்கி வந்த சூப்பர் 8 கேமராவில் எடுத்த 14 சுருள்கள், ஒவ்வொன்றும் 50 அடி, என்னிடம் உள்ளன. அக்காவின் வளைகாப்பு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், காசிமேட்டுக் கடற்கரை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஸ்டூடியோவில் டிவிடி, எம்.பி.4, புரோரெஸ் என்று மூன்று விதமாக விலை சொல்கிறார்கள். மூன்றாவதற்கு விலை மிக அதிகம். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், ராயபுரம்

பதில்: புரோரெஸ் கோப்பாக வாங்குங்கள், அதிலிருந்து ஓர் எம்.பி.4 பிரதியும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், டிவிடி வேண்டாம். மூன்றையும் ஒரே சரக்கின் மூன்று தரங்கள் போல் விலைப்பட்டியலில் அடுக்கி வைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். புரோரெஸ்ஸிலிருந்து எம்.பி.4 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எம்.பி.4-இலிருந்து டிவிடியும் எடுக்கலாம். திரும்பி வருவதற்கு மட்டும் வழி கிடையாது. ஸ்கேன் செய்யும் நேரத்தில் எதை விட்டுவிடுகிறோமோ அது விட்டதுதான். அதை மீட்க வேண்டுமானால் சுருளை மறுபடி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும், அதற்குள் சுருள் எந்த நிலையில் இருக்குமோ சொல்ல முடியாது.

டிவிடியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் அது 720 × 576 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள், என்பதைத் தவிர வேறு வேகத்தையும் ஏற்காது. எம்பெக் 2 என்னும் பழைய சுருக்க முறையில், வினாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட்டுக்குள் படம் அடங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, இப்போது வரும் மடிக்கணினிகளில் வட்டைப் போடுவதற்கு இடமே இருப்பதில்லை.

எம்.பி.4 என்பது கோப்பின் உறைக்குப் பெயர். அதற்குள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் அது 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையாக இருக்கும். இந்த முறை ஒரு ஃபிரேமை முழுமையாக எழுதிக்கொண்டு, அடுத்து வரும் பல ஃபிரேம்களில் எது மாறியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். கைப்பேசியில் எடுத்த படத்துக்கு இது மிகச் சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ஃபிலிமில் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெள்ளித் துகள்களும் சாயத் துகள்களும் வேறு வேறு இடத்தில் அமைந்திருப்பதால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கிறது. கொடுத்த இடத்துக்குள் அவ்வளவு மாற்றத்தையும் எழுத முடியாத மென்பொருள், துகள்களைத் தேவையற்ற இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. துகளோடு சேர்ந்து பட்டுப்புடவையின் ஜரிகைக் கட்டமும் தாத்தாவின் நெற்றிச் சுருக்கமும் போய்விடுகின்றன. முகங்கள் மாவு பூசியதுபோல் வழவழப்பாகத் தெரியும் எம்.பி.4 கோப்புகளை எல்லாம் இப்படித்தான் கெடுத்திருக்கிறார்கள்.

புரோரெஸ், ஆப்பிள் நிறுவனம் 2007-இல் படத்தொகுப்பு வேலைக்காகக் கொண்டு வந்த முறை. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது, பக்கத்து ஃபிரேமை நம்பி இருப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அது ஒவ்வொரு வண்ணத்துக்கும் 10 பிட் ஆழத்தில் எழுதுகிறது. நாம் வழக்கமாகக் காணும் எம்.பி.4 கோப்புகள் 8 பிட்டில் எழுதப்படுபவை. 8 பிட் என்றால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையே 256 படிகள், 10 பிட் என்றால் 1,024 படிகள். நன்றாக இருக்கும் படத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. சாயம் மங்கிச் செம்மை ஏறிய படத்தில் நீலத்தையும் பச்சையையும் மேலே தூக்கிச் சரிசெய்யும்போதுதான், 8 பிட் கோப்பில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் தகப்பனார் கொடாக் நிறுவனத்தின் கொடாக்குரோம் வகை ஃபிலிம் பயன்படுத்தியிருந்து, சுருள்கள் பெட்டிக்குள் இருட்டிலேயே கிடந்திருந்தால் வண்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேறு வகை ஃபிலிம்களுக்கு அந்த உறுதி இல்லை.

இனி இடக்கணக்கு. சூப்பர் 8 ஃபிலிமில் அடிக்கு 72 ஃபிரேம். 50 அடிச் சுருளில் 3,600 ஃபிரேம். வினாடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் அது 3 நிமிடம் 20 வினாடி ஓடும். 1920 × 1080 அளவில் புரோரெஸ் 422 எச்.க்யூ. என்ற தரத்தில் எழுதினால் ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 3.3 ஜி.பி. ஆகும், உங்கள் 14 சுருள்களும் ஏறத்தாழ 46 ஜி.பி.யில் அடங்கிவிடும். சாதாரண 1 டி.பி. வன்வட்டில் இது இருபதில் ஒரு பங்கு. “கோப்பு ரொம்பப் பெரியதாக இருக்கும் சார், உங்களால் வைத்துக்கொள்ள முடியாது” என்று ஸ்டூடியோவில் சொன்னால், அது அவர்களுடைய கணினியின் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மேலே இரண்டு படிகள் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படக்கோப்பாகச் சுருக்கமின்றி எழுதும் டி.பி.எக்ஸ். முறை, சினிமா ஆய்வகங்களுக்கு உரியது; 1440 × 1080 அளவிலேயே ஒரு சுருளுக்கு 22 ஜி.பி. பிடிக்கும், ஆயிரக்கணக்கான கோப்புகளாக உதிர்ந்து கிடக்கும், வீட்டில் வைத்து மேய்ப்பது வீண் தொல்லை. மற்றொன்று எஃப்.எஃப்.வி.1. இது ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்கும் இலவச முறை, யாருடைய உரிமத்துக்கும் கட்டுப்படாதது, 2021-இல் ஆர்.எஃப்.சி. 9043 என்ற பொது ஆவணமாக வரையறுக்கப்பட்டிருப்பதால், நாளை எந்த நிறுவனம் கடையை மூடினாலும் அதைத் திறக்கும் மென்பொருளை எவரும் எழுதிக்கொள்ள முடியும். ஆவணக் காப்பகங்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அதுதான். உங்கள் ஸ்டூடியோ அதைத் தர முன்வந்தால் தயங்காமல் வாங்குங்கள். நம் ஊர்க் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களில் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பவர்களே அதிகம் என்பதால், நடைமுறையில் புரோரெஸ் 422 எச்.க்யூ. போதும் என்றே சொல்வேன்.

ஆர்டர் ரசீதிலேயே சிலவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமின் ஒரு ஃபிரேம் கோப்பிலும் ஒரே ஃபிரேமாக இருக்க வேண்டும். படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுப்படாமல் வர வேண்டும். மாஸ்டர் கோப்பில், அதாவது மூலமாக வைத்துக்கொள்ளும் புரோரெஸ் கோப்பில், துகள் நீக்கம், கூர்மையூட்டல் எதுவும் செய்யக் கூடாது. வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி வெறும் வெளுப்பாகக் கரைந்துவிடாமல் வெளிச்சத்தைச் சற்று அடக்கியே பதிய வேண்டும். மாஸ்டர் கோப்பு பார்வைக்குச் சோகையாக, சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் பதற வேண்டாம். அழகுபடுத்தும் வேலையெல்லாம் எம்.பி.4 பிரதியில் நடக்கட்டும். முதலில் ஒரே ஒரு சுருளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுப்பது நல்லது.

கேள்வி: ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 1978-இல் எடுத்த சூப்பர் 8 படங்களை எம்.பி.4-ஆக மாற்றி வாங்கினேன். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பவர்கள் எல்லாரும் தட்டித் தடுமாறி நடப்பதுபோல் ஒரு வெட்டு தெரிகிறது. ஃபிலிமில் கோளாறா, கோப்பில் கோளாறா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கோப்பில்தான். நீங்கள் சொல்வது வேகக் கணக்கில் வரும் தடுமாற்றம், இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

ஒலி இல்லாத சூப்பர் 8 படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 18 ஃபிரேம் வேகத்திலும், அதற்கு முந்தைய, 1932-இல் வந்த ஸ்டாண்டர்டு 8 படங்கள் 16 ஃபிரேம் வேகத்திலும் எடுக்கப்பட்டவை. நம் தொலைக்காட்சியின் வேகம் 25. பதினெட்டை இருபத்தைந்தாக்க வினாடிக்கு ஏழு ஃபிரேம்களை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். சில மென்பொருள்கள் ஏழு ஃபிரேம்களை இரண்டிரண்டு முறை காட்டும். சில, அடுத்தடுத்த இரு ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கும்.

கணினியில் வி.எல்.சி. மென்பொருளில் உங்கள் கோப்பைத் திறந்து, யாராவது குறுக்கே நடந்து போகும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, விசைப்பலகையில் ‘E’ என்ற ஆங்கில எழுத்தை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு ஃபிரேம் நகரும். கால் நகர்கிறது, நகர்கிறது, அடுத்த அழுத்தலில் நகரவில்லை, மறுபடி நகர்கிறது என்றிருந்தால் அது இரட்டித்த ஃபிரேம். ஒரே ஆளுக்கு மங்கலாக நான்கு கால்கள் தெரிந்தால் அது கலந்த ஃபிரேம். இரட்டித்ததை நீக்கி, 18 ஃபிரேம் கோப்பாகத் திரும்ப எழுத முடியும். சுருக்கத்தில் போன தெளிவு போனதுதான் என்றாலும் நடை சீராகிவிடும். கலந்ததைப் பிரிப்பது கிட்டத்தட்ட ஆகாத காரியம். மறு ஸ்கேன்தான் வழி.

இன்னொரு சோதனை, கோப்பின் நீளம். முழு 50 அடிச் சுருளில் 3,600 ஃபிரேம் என்று மேலே சொன்னோம். கோப்பு 18 ஃபிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 வினாடி ஓடினால் எல்லாம் சரி. 25 ஃபிரேம் வேகத்தில் 2 நிமிடம் 24 வினாடியே ஓடினால், மனிதர்கள் ஊமைப்பட நகைச்சுவை நடிகர்கள் போல் ஓடுவார்களே தவிர ஃபிரேம் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. வேகக் குறிப்பை மட்டும் மாற்றினால் போதும். 25 ஃபிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 வினாடி ஓடினால் அந்தக் கோப்பில் 5,000 ஃபிரேம் இருக்கிறது என்று பொருள். அதில் 1,400 உங்கள் கேமரா எடுக்காதவை. ஒரு கோப்பின் வேகம் என்ன என்பதை வி.எல்.சி.யின் ‘கோடெக் தகவல்’ பகுதியில் காணலாம்.

சுவரில் புரொஜக்டர் ஓட்டி எதிரே வீடியோ கேமராவை வைத்து எடுத்தார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் ஃபிரேமுக்கு ஃபிரேம் கணக்கு ஒருபோதும் ஒட்டாது. மூன்று இதழ் மறைப்பான் (ஷட்டர்) உள்ள புரொஜக்டரை வினாடிக்குப் பதினாறும் மூன்றில் இரண்டு பங்கும் ஃபிரேம் வேகத்துக்கு இறக்கினால் வெளிச்சம் வினாடிக்கு 50 முறை மின்னி, பால் கேமராவோடு பொருந்தி நடுக்கம் நிற்கும் என்பது அந்தக் காலத்துக் கைவேலை. அது மினுமினுப்பைத்தான் நிறுத்தும். ஃபிரேம்கள் கலப்பதை நிறுத்தாது.

கேள்வி: “4கே-யில் ஸ்கேன் செய்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் பிறகு வருத்தப்படுவீர்கள்” என்கிறான் மகன். செலவு இரட்டிப்பாகிறது. உண்மையிலேயே தேவையா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: சூப்பர் 8 ஃபிரேமின் அளவு ஏறத்தாழ 5.8 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். ஸ்டாண்டர்டு 8 அதைவிடச் சிறியது, 4.5 மி.மீ.க்கு 3.3 மி.மீ. கையில் பிடித்து எடுத்த வீட்டுக் கேமராவின் லென்ஸ் அந்த இடத்துக்குள் எழுதிய விவரம் 1080 வரிகளில் தாராளமாக அடங்கும். அதற்கு மேலே போனால் துகள்கள் இன்னும் துல்லியமாகத் தெரியும், தாயாரின் முகம் தெரியாது. சுருள் 16 மி.மீ. ஆக இருந்தால் உங்கள் மகன் பக்கம் நியாயம் உண்டு. அதன் ஃபிரேம் பரப்பு சூப்பர் 8-ஐப் போல் மூன்று மடங்குக்கும் மேல். சூப்பர் 8-க்கு 8 பிட் 4கே எம்.பி.4-ஐயும் 10 பிட் 1080 புரோரெஸ்ஸையும் ஒரே விலையில் கொடுத்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பேன். 4கே என்று சொல்லிவிட்டு, சிறிய அளவில் ஸ்கேன் செய்ததை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஸ்கேனரின் உணரியே அந்த அளவு உடையதா என்று கேளுங்கள்.

உங்கள் மகனிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வேறொன்று உண்டு. வீட்டு ஃபிலிம்கள் எல்லாம் நான்குக்கு மூன்று என்ற பழைய வடிவத்தவை. இன்றைய அகலத் திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று அடம்பிடித்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கை மேலும் கீழும் வெட்டியாக வேண்டும். தேர்த் திருவிழாவில் தேரின் உச்சி போய்விடும். வரிசையாக நிற்கும் உறவினர்களில் உயரமானவர்களுக்குத் தலை போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

கேள்வி: சுருளின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. பூஞ்சணமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நேர்கோடாக, சீரான அகலத்தில், சுருள் முழுவதும் ஓடினால் அது காந்த ஒலிப்பட்டை. சூப்பர் 8-இல் 1973-இலிருந்து ஒலியோடு படமெடுக்கும் வசதி வந்தது. துடைக்காதீர்கள். ஒலி படிக்கும் தலை உள்ள ஸ்கேனரில்தான் கொடுக்க வேண்டும். ஒலியைச் சுருக்கமின்றி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் முறையில் கேட்டு வாங்குங்கள். இத்தகைய படங்கள் 18 வேகத்திலும் இருக்கலாம், 24 வேகத்திலும் இருக்கலாம். பேச்சுக் குரல் இயல்பாகக் கேட்கும் வேகமே சரியான வேகம்.

கேள்வி: இணையத்தில் சிறிய ஃபிலிம் ஸ்கேனர் ஒன்று வாங்கியிருக்கிறேன். நேராக மெமரி கார்டில் எம்.பி.4 எழுதித் தந்துவிடுகிறது. இதுவே போதாதா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எந்தச் சுருளில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அருமையான கருவி. சுருள்கள் ஏராளமாக இருந்து, எல்லாவற்றுக்கும் ஸ்டூடியோவில் செலவழிக்க முடியாதபோது, முதலில் இதில் ஓட்டிப் பார்த்து, முக்கியமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து நல்ல ஸ்கேனுக்கு அனுப்புவது புத்திசாலித்தனம். நிரந்தரப் பிரதியாக வைத்துக்கொள்ள அது போதாது. இந்தச் சிறு கருவிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் எடுக்கின்றன என்பது நல்ல அம்சம். ஆனால் எடுத்ததைக் கடுமையாகச் சுருக்கி 8 பிட்டில் எழுதுகின்றன, கூர்மையைச் செயற்கையாக ஏற்றுகின்றன, வெளிச்சத்தைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன, ஒலிப்பட்டையைப் படிப்பதில்லை. பெரும்பாலானவை வினாடிக்கு 20 ஃபிரேம் என்று கோப்பில் குறித்துவிடுகின்றன. 3 நிமிடம் 20 வினாடி ஓட வேண்டிய சுருள் சரியாக 3 நிமிடத்தில் முடிந்தால் காரணம் அதுதான். படத்தை மறுபடி சுருக்காமல் இந்தக் குறிப்பை மட்டும் 18-ஆக மாற்ற எஃப்.எஃப்.எம்பெக் போன்ற இலவச மென்பொருள்கள் உதவும்.

ஓட்டும் முன் ஓர் எச்சரிக்கை: ஸ்டாண்டர்டு 8-க்கும் சூப்பர் 8-க்கும் துளைகள் வேறு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை பெரியதாக, இரு ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்கு நேராக இருந்தால் ஸ்டாண்டர்டு 8; சிறியதாக, ஃபிரேமின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. கருவியில் அதற்கேற்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஓட்டினால் துளை கிழியும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பரணில் இருந்ததால் சுருள்கள் நனையவில்லை. ஆனால் இப்போது டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கில் ஏறுகிறது. இவற்றை மாற்ற முடியுமா, எந்தக் கோப்பாக மாற்றுவது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: நனையாதது நல்லதே, ஆனால் வெள்ளத்துக்குப் பின் வீட்டுக்குள் நெடுநாள் நின்ற ஈரக்காற்று பரணுக்கும் எட்டும். அந்த நெடிக்கு மூலம் ஃபிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் அசிட்டேட். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. ஆகவே நெடி வந்த பிறகு சேதம் ஒரே சீராகப் போகாமல் வர வர வேகமெடுக்கும். ஃபிலிம் சுருங்கும், வளையும், பிறகு ஒடியும். நல்ல சுருள்களை இவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அமிலமும் உள்ளேயே அடைபட்டு நிலைமை மோசமாகும்.

மாற்ற முடியும், ஆனால் புரொஜக்டரிலோ பல்சக்கரம் உள்ள எந்தக் கருவியிலோ ஏற்றக் கூடாது. சுருங்கிய ஃபிலிமின் துளைகளும் சக்கரத்தின் பற்களும் பொருந்தாது. ஒவ்வொரு பல்லும் ஒரு துளையைக் கிழித்துக்கொண்டே போகும். ஃபிலிமை உருளைகளால் மென்மையாக நகர்த்தி, துளையின் இடத்தைக் கேமராவால் பார்த்து ஃபிரேமை நிலைநிறுத்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. அத்தகையது உள்ள ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கோப்பைப் பொறுத்தவரை, மற்ற வாசகர்களுக்குச் சொன்னதைவிட உங்களுக்குச் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். இந்தச் சுருள்கள் இன்னொரு முறை இயந்திரத்தில் ஏறும் என்று எண்ணாதீர்கள். துளையும் ஓரமும் சேர்த்து ஃபிலிமின் முழு அகலமும் தெரியும்படி, 10 பிட் ஆழத்தில், எஃப்.எஃப்.வி.1 அல்லது 422 எச்.க்யூ.வைவிட உயர்ந்த தரமான புரோரெஸ் 4444 கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த ஃபிலிமில் படம் ஆடும். துளைகள் கோப்பில் தெரிந்தால், பிற்பாடு அவற்றையே அடையாளமாக வைத்து ஆட்டத்தை நிறுத்தலாம். இந்த ஒரு வேலையில் மட்டும் பணத்தைப் பார்க்க வேண்டாம். பணம் போதவில்லையென்றால் சுருள்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கோப்பின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

வெள்ளத்தில் சுருள் நனைந்தே போனவர்கள் செய்ய வேண்டியது வேறு. வெயிலில் காயப்போட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது படலமே உரிந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கியபடியே வைத்து, தாமதமின்றி ஆய்வகத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்யாண ஃபிலிமை 1990-களிலேயே வி.எச்.எஸ். கேசட்டுக்கு மாற்றிவிட்டு ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கேசட் மட்டும் இருக்கிறது.
– வாசகி, காசிமேடு

பதில்: கேசட்டில் உள்ளது 720 × 576 புள்ளிகளுக்குள் அடங்குவதுதான், அந்த அளவிலேயே, வரி விட்டு வரி பதியும் முறையை மாற்றாமல், எஃப்.எஃப்.வி.1 கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். எச்.டி.க்கு ஊதித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். கேசட்டை ஓட்டும் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் குறைந்துகொண்டே வருவதால், ஃபிலிம் வைத்திருப்பவர்களைவிட நீங்கள்தான் அவசரப்பட வேண்டும்.

கேள்வி: புரோரெஸ் கோப்பு வாங்கிவிட்டேன். டிவியில் பென் டிரைவைச் செருகினால் ஓடவில்லை. பெரிய கோப்பு சில பென் டிரைவில் ஏறவே மறுக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகப் போகிறது. இனி ஃபிலிமைத் தூக்கி எறிந்துவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டிவியில் புரோரெஸ் ஓடாது, அதை டிவிக்காகச் செய்யவுமில்லை. பார்ப்பதற்கென்று எச்.264, 8 பிட், எம்.பி.4 பிரதி ஒன்றை வினாடிக்கு 20 மெகாபிட் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருளுக்கு 500 எம்.பி. ஆகும். எச்.265 முறை இன்னும் சிறியதாக எழுதும் என்றாலும், வீட்டில் பழைய டிவி இருந்தால் மல்லுக்கு நிற்கும். சில டிவிகளுக்கு 18 என்ற வேகமே புரியாது. அவற்றுக்காக மட்டும் 24 அல்லது 25-க்கு மாற்றிய பிரதி ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை, மாஸ்டர் கோப்பு தொடப்படாத வரையில்.

பென் டிரைவ் மறுப்பதற்குக் காரணம், அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருப்பது. அந்த முறை 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வடிவமைத்தால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் 2 ஜி.பி. வரை உள்ளது உள்ளபடி போகும். யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறேன், அதுவே பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். அங்கிருந்து திரும்ப இறக்கினால் கிடைப்பது அவர்கள் சுருக்கிய பிரதி.

மாஸ்டர் கோப்பை இரண்டு வெவ்வேறு வன்வட்டுகளில் எழுதி, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். தண்டையார்பேட்டையில் ஒன்று, தங்கை வீட்டில் என்று எண்ணூரில் ஒன்று என்றால் ஒரே புயல் இரண்டையும் பார்த்துவிடும். மூன்றாவது பிரதியை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுங்கள். கோப்பு கைக்கு வந்த அன்றே எஸ்.எச்.ஏ. 256 என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் சேர்த்து வைத்தால், ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துகொள்ளலாம். யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், என்ன விசேஷம் என்பதையும் அதே உரைக்கோப்பில், பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, எழுதிவிடுங்கள். கோப்பின் பெயர் “புதிய வீடியோ 3” என்று இருந்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஃபிலிமைத் தூக்கி எறியக் கூடாது. வீட்டு ஃபிலிம்கள் பெரும்பாலும் ரிவர்சல் வகையைச் சேர்ந்தவை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவப்பட்டு உங்கள் கையில் இருக்கிறது, இதற்குத் தனியே நெகட்டிவ் எங்கும் கிடையாது. ஸ்கேனர்கள் இன்னும் முன்னேறும். இன்று செய்த ஸ்கேனில் குறை இருப்பது பத்து ஆண்டு கழித்துத் தெரியவரலாம். சமையலறைச் சுவரையும் மொட்டை மாடி அறையையும் தவிர்த்து, வீட்டிலேயே வெப்பம் குறைந்த அறையில், தரையிலிருந்து உயர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, அட்டைப் பெட்டியிலோ காற்றோட்டம் உள்ள டப்பாவிலோ வையுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் மாற்றுங்கள். மாற்றும்போது டப்பாவை ஒருமுறை முகர்ந்து பாருங்கள், வினிகர் நெடி லேசாகத் தட்டினாலும் அந்தச் சுருளை அன்றே தனியே பிரித்துவிடுங்கள்.